கடலில்லா ஊரில் கடல்மீன் காப்பு

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே, மழைக்காலத்தில் மாத்திரம் கொடகனாறு ஆறாக ஓடி ஏனைய மாதங்களில் மணலாகக் கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில், மீன் என்றால் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலும் ஊர்க் குளங்களிலும் வளரும் கட்லாவும் ரோகுவுமே சாதாரண ஜனங்களின் நினைவுக்கு வருமாதலின், இவ்வூரில் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறார் என்று கேட்டால் வியப்பவர்களே அதிகம். மண்டபம் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பிள்ளைகள் நீமோ என்று அழைக்கும் கோமாளி மீனும், டாங்கு மீன்களும், வண்ணத்துப்பூச்சி மீன்களும் பெரும்பாலும் சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து, பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் நீண்ட பிரயாணம் செய்து வந்து சேர வேண்டும். அவ்வாறு வந்த மீன் சில நாட்கள் சுகமாக நீந்தி, பிறகு உடலெங்கும் வெண்புள்ளி கண்டு, இரை தின்ன மறுத்து, தான் மடிவதோடு நில்லாமல் தொட்டியில் முன்பிருந்த மீன்களையும் உடன்கொண்டு போவது, இந்த விநோதத்தில் ஈடுபட்டவர்கள் யாவரும் அறிந்த துன்பமாகும்.

இத்துன்பத்தை முன்னிட்டு எழும் கேள்விகள் மூன்று. புதிய மீனைப் பழைய மீன்களோடு சேர்க்குமுன் தனித்தொட்டியில் நிறுத்தி வைப்பது அவசியமா? அவசியமாயின் எத்தனை நாள்? அந்நாட்களில் நோய்க்குறி தோன்றும்வரை பார்த்திருப்பதா, குறி தோன்றுமுன்பே மருந்து பிரயோகிப்பதா? இவற்றுக்கு வளர்ப்போர் கூறும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒருவர் பத்து நாள் போதும் என்பார், மற்றொருவர் ஒரு மாதம் என்பார், வேறொருவர் நல்ல உணவும் நல்ல நீரும் இருந்தால் தனிமையே வேண்டாம் என்பார். இம்முரண்பாடுகளை ஒருங்கே வைத்துப் பரிசீலித்து, அவற்றுள் எது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முன்கூட்டியே சொல்வதானால், தனிமையின் நாட்கணக்கையும் மருந்தின் தேர்வையும் தீர்மானிக்க வேண்டியது வளர்ப்பவருடைய வழக்கமன்று, ஒட்டுண்ணியின் ஜீவிய சரித்திரமே என்பதும், கடலுக்குத் தூரமாக இருப்பது என்னும் திண்டுக்கல்லின் குறையே இவ்விஷயத்தில் அதற்குப் பெரிய அனுகூலம் என்பதும் நாம் நிலைநாட்ட விரும்புவன.

மீன்காட்சிசாலைகள் கற்றுத்தந்த பாடம்

கடல்மீன்களின் ஒட்டுண்ணிகளுக்குப் பெயரும் விவரமும் கிடைத்த இடங்கள் பெரும்பாலும் பெருநகரங்களின் மீன்காட்சிசாலைகளே என்பது கவனிக்கத்தக்கது. தோல்மேல் பற்றும் தட்டைப்புழுவாகிய நியோபெனெடேனியா மெல்லெனி, 1927-ல் நியூயார்க் மீன்காட்சிசாலையின் மீன்களிலிருந்து மக்காலம் என்பவரால் விவரிக்கப்பட்டது. வெல்வெட் நோயை விளைக்கும் அமைலோஓடினியம் ஒசெல்லேட்டம் 1931-ல் பிரவுன் என்னும் அம்மையாரால் இலண்டனில் முதலில் விவரிக்கப்பட்டது. ஜப்பானில் சிகாமா 1937-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்த கடல் வெண்புள்ளி நோயின் கிருமிக்குக் கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்னும் பெயரை 1951-ல் சூட்டியவரும் பிரவுனே. 1966-ல் நைக்ரெல்லி, ருஜியெரி இருவரும் அந்நோய் நியூயார்க் மீன்காட்சிசாலையில் விளைத்த பெருஞ்சேதத்தை விரிவாக எழுதினர். சமுத்திரத்தில் இக்கிருமிகள் இருந்தும் பெருங்கேடு விளைக்காமல் இருப்பதற்கும், கண்ணாடிச் சுவருக்குள் புகுந்தவுடன் சங்காரமூர்த்திகளாவதற்கும் காரணம் எளிது: ஒரு முட்டையுறையிலிருந்து வெடித்து வெளிவரும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளில், பரந்த கடலில் மீனைக் கண்டுபிடிப்பவை ஒன்றிரண்டே, நாற்புறமும் அடைத்த 300 லிட்டர் நீரிலோ மீனைத் தப்ப விடுபவை அரிது.

நம் நாட்டிலும் இதற்குரிய முன்வரலாறு உண்டு. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் தோன்றி 1909-ல் சென்னை மெரினாக் கடற்கரையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட மீன்காட்சிசாலை, ஆசியாவிலேயே முற்பட்டவற்றுள் ஒன்றாக விளங்கியது. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் கப்பல் வழியும் திறந்தபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளர், காலராவும் அம்மையும் கடல்கடந்து போகாதிருக்கும் பொருட்டு மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துச் சோதிக்கப்பட்டனர். அதே மண்டபம் முகாமுக்கு 1949-ல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் சென்னையிலிருந்து மாற்றப்பட்டது. மனிதரைத் தடுத்து நிறுத்திய அம்மண்ணில் பிற்காலத்தில் மீன்கள் தடுத்து நிறுத்தப்படலாயின. தலைமையகம் கொச்சிக்குப் போனபின்னும் அங்கே நிலைத்த ஆராய்ச்சி மையம் 2010-ல் கடல்விரால் என்னும் கோபியா மீனையும், 2011-ல் வெள்ளிப் பாம்பனோவையும் இந்தியாவில் முதன்முறையாகக் குஞ்சு பொரிக்கச் செய்தபொழுது, கடலிலிருந்து பிடித்த தாய்மீன்களைத் தனியே வைத்து ஒட்டுண்ணி நீக்கி எடுப்பதும் அப்பணியின் இன்றியமையாத அங்கமாயிற்று. இறால் பண்ணைகளுக்காக அயல்நாட்டிலிருந்து வரும் வன்னாமெய் தாயிறால்களைச் சோதிக்க 2009 முதல் சென்னை நீலாங்கரையில் ஒரு நீர்வாழுயிர்த் தனிமைக் கூடம் இயங்கி வருகிறது. அயல்நாட்டு ஜீவராசிகளின் வரவைக் கட்டுப்படுத்தும் 1898-ஆம் ஆண்டுக் கால்நடை இறக்குமதிச் சட்டம் இன்றும் அமலில் உள்ளது. ஆயின் இவையெல்லாம் துறைமுக வாயிலோடு நிற்பவை. கொளத்தூர்க் கடையிலிருந்து திண்டுக்கல் வீட்டுக்கு வரும் பைக்கு எந்த அதிகாரியும் இல்லை, வீட்டுக்காரரே அதிகாரி.

நான்கு சத்துருக்கள்

கடல் வெண்புள்ளியே இவற்றுள் மிகப் பரவலானது. அதன் வாழ்க்கை நான்கு நிலைகளையுடையது. மீனின் மேற்றோலுக்கு அடியில் புகுந்து அதன் சதையணுக்களைத் தின்று பருக்கும் நிலையில் அது 3 முதல் 7 நாள் வரை இருக்கும். நாம் வெண்புள்ளியாகக் காண்பது இந்நிலையையே. பருத்தபின் மீனைவிட்டு உதிர்ந்து, சில மணிநேரம் ஊர்ந்து, மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் பலமுறை பிளந்து இருநூறு வரையிலான குஞ்சுகளாகி, 3 நாளிலும் வெளிவரலாம், 4 வாரத்திலும் வெளிவரலாம். ஆய்வுப் பதிவுகளில் 72 நாள்வரை தாமதித்ததும் உண்டு. வெளிவந்த குஞ்சு ஓரிரு நாளே உயிர்தரிக்கும். அதிலும் மீனைத் துளைக்கும் ஆற்றல் முதற் சில மணிநேரங்களிலேயே பெரிதும் குன்றிவிடும். இஸ்ரேலின் ஐலாத் நகரில் கொலோர்னியும், இங்கிலாந்தில் பர்ஜெஸ், மாத்யூஸ் என்பாரும் செய்த ஆராய்ச்சிகளால் நமக்குத் தெரியவந்த மற்றொரு நுட்பம் யாதெனில், மீனைவிட்டு உதிர்தலும் உறைவிட்டு வெளிவருதலும் பெரும்பாலும் இருளில், பின்னிரவிலும் விடியலிலும், நிகழ்கின்றன என்பது. மீன்கள் அசைவற்று உறங்கும் வேளையை இக்கிருமி தேர்ந்தெடுத்திருக்கிறது.

இச்சரித்திரத்திலிருந்து பிறக்கும் உண்மைகள் இரண்டு. வெண்புள்ளி கண்ணுக்குத் தெரியும்பொழுது கிருமி தோலுக்கு அடியில் இருப்பதால் நீரில் இட்ட மருந்து பெரும்பாலும் அதைத் தீண்டாது. உறைக்குள் இருக்கும்பொழுதும் தீண்டாது. நீந்தித் திரியும் அந்தச் சொற்ப நேரத்தில் மாத்திரமே அது மருந்துக்கு வசப்படும். அடுத்தது, புள்ளிகள் மறைந்தால் நோய் நீங்கியது என்று எண்ணுவது பெரும் பிரமை என்பது. புள்ளி மறைவது கிருமி பெருகப் போயிருக்கிறது என்பதற்கே அடையாளமாகையால், கடையில் வாங்கிய ஏதோ ஒரு திரவத்தை ஊற்றிய மறுநாளே குணம் கண்டதாகச் சொல்லும் சாட்சியங்களுக்கு ஆய்வில் இடமில்லை.

வெல்வெட் நோய் இதனினும் கொடியது. அதன் கிருமி பாசியினத்தைச் சார்ந்தது. முதலில் செவுளைத் தாக்குவதால், தோலில் மெல்லிய பொன்தூள் போன்ற படலம் தெரிவதற்குள்ளேயே மீன் மூச்சுத்திணறி இறந்துவிடக்கூடும். ஓர் உறையிலிருந்து 256 வரை குஞ்சுகள் வெளிவரும். வெண்புள்ளியை அடக்கும் உப்புக்குறைப்பு முறை இதனிடம் பலிப்பதில்லை. ஏனெனில் கழிமுகத்து உவர்நீர் முதல் கடும் உப்புநீர் வரை எங்கும் வாழும் ஆற்றல் அதற்குண்டு. மூன்றாவது சத்துரு, 1970-ல் லோம், நைக்ரெல்லி என்பாரால் விவரிக்கப்பட்ட புரூக்லினெல்லா. கடலில் பிடிபட்ட கோமாளி மீன்களையே விசேஷமாகப் பற்றி, தோலிலிருந்து சளி திரண்டு உரியும்படி செய்து, சில தினங்களில் கொல்லும். அது மீனின்மேலேயே பிளந்து பெருகுவதால் உறையும் காத்திருத்தலும் அதற்குத் தேவையில்லை. நான்காவது, கண்ணிலும் தோலிலும் செவுளிலும் பற்றும் தட்டைப்புழுக்கள். இவை பெரும்பாலும் உடனே கொல்வதில்லை, ஆயின் ஒளி ஊடுருவும் உடலையுடையவையாதலால் எளிதில் காணப்படாமல், ஒட்டும் நூலுடைய முட்டைகளைத் தொட்டியெங்கும் இட்டு வம்சத்தை நிலைநிறுத்திக்கொள்ளும்.

குளத்து மீன் வளர்ப்போர் அறிந்த நன்னீர் வெண்புள்ளி, பெயராலும் தோற்றத்தாலும் கடல் வெண்புள்ளியை ஒத்திருப்பதால் வரும் மயக்கமும் சிறிதன்று. தங்கமீன் தொட்டியில் வெப்பத்தை உயர்த்தியும் கல்லுப்பிட்டும் அந்நோயைத் தணித்தவர்கள், அதே உபாயத்தைக் கடல்தொட்டியிலும் கையாளுகின்றனர். இரண்டும் உறவிலே தூரமான வேறு வேறு ஜீவன்கள். வெப்பமண்டலக் கடலில் பிறந்த கிரிப்டோகாரியனுக்கு 30 பாகை வெப்பம் உகந்ததே ஒழிய உபத்திரவம் அன்று.

நாட்கணக்கின் காரணம்

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அந்நியர் வரவை நிறுத்தி, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை நாள் எண்ணிக் காத்திருந்த நம் முன்னோர் வழக்கம், கோட்டை மாரியம்மன் சந்நிதியைத் தன் நடுவே கொண்ட இவ்வூருக்குப் புதிதன்று. அவ்வழக்கத்தில் நாட்கணக்கு நோயின் போக்கைப் பார்த்துப் பார்த்து அமைந்தது. மீனுக்கும் அதுபோலவே நோயின் போக்குத்தான் கணக்கு.

பத்து நாள் தனிமை ஏன் போதாது என்பதை வெண்புள்ளியைக்கொண்டே காணலாம். கடையில் அன்று காலைதான் கிருமி புகுந்த மீனை வாங்கினால், முதல் வாரத்தில் அது செவுளில் ஒன்றிரண்டு கிருமிகளையே சுமந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. அவை உதிர்ந்து, உறை கட்டி, வெடித்து, மறுபடியும் மீனைப் பற்றிக் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கையை அடைவதற்குள் இரண்டு, மூன்று வாரங்கள் கழிந்துவிடும். எனவே மருந்தின்றிப் பார்த்திருக்கும் தனிமைக்கு 4 முதல் 6 வாரம் என்பதே நியாயமான அளவு. தட்டைப்புழு முட்டைகளின் பொரிப்பையும் அக்காலம் அடக்கும். முதன்மைத் தொட்டியிலேயே நோய் புகுந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியேற்றி, அத்தொட்டியை மீனற்றதாக வைத்திருக்க வேண்டிய காலமாக வளர்ப்போரிடையே வழங்கும் 76 நாள் என்னும் கணக்கு, முன்சொன்ன 72 நாள் பதிவோடு கொஞ்சம் கூட்டி வைத்ததேயாகும். வெதுவெதுப்பான நீரில் உறைகள் விரைவில் வெடிப்பதால் அக்காலத்தைக் குறைக்கலாம் என்போரும் உளர். அவசரத்துக்கு உதவும் வாதம் அது என்பதைத் தவிர, முழு நிச்சயம் வேண்டுவோர் பின்பற்றத்தக்கது நீண்ட கணக்கே.

சிகிச்சை முறைகள்

மருந்துகளுள் மூத்தது செம்பு. சிறுமலை அடிவாரத் திராட்சைத் தோட்டக்காரருக்கு மயில்துத்தம் பழகிய பொருள். கொடியின் பூஞ்சாணத்தை அடக்கும் அதே பொருள், நீரில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு என்னும் அளவில் இடைவிடாது நிலைநின்றால், வெண்புள்ளி, வெல்வெட் இரண்டின் நீந்தும் குஞ்சுகளையும் அழிக்கும். அளவு குறைந்தால் கிருமி பிழைக்கும், மிகுந்தால் மீன் இறக்கும். இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மயில்துத்தப் படிகத்தில் நாலில் ஒரு பங்கே செம்பு என்று கொண்டால், 100 லிட்டர்த் தொட்டிக்கு வேண்டுவது ஏறக்குறைய 80 மில்லிகிராம் படிகம். சமையலறைத் தராசு காட்டாத நிறை அது. ஆகவே பெரும் அளவில் கரைத்த திரவத்திலிருந்து சொட்டு அளந்து இடுவதும், சோதனைப் பெட்டிகொண்டு தினமும் அளப்பதும், 2 முதல் 3 வாரம் அளவு தளராமல் காப்பதும் இன்றியமையாதன. வேறு சேர்மங்களோடு பிணைத்து விற்கப்படும் செம்பு மருந்துகள் லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 மில்லிகிராம் வரை தேவைப்படுவன. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொண்டால் நாசம். சுண்ணாம்புத்தன்மையுள்ள கல்லும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். இறால், சிப்பி, கடற்சாமந்தி முதலியவற்றுக்குச் செம்பு கொடிய விஷம். இவ்விரு காரணங்களாலேயே சிகிச்சை முதன்மைத் தொட்டியில் நடைபெறலாகாது, மணலற்ற வெறுந்தொட்டியில் நடைபெற வேண்டும்.

செம்பைத் தாங்காத மீன்களுக்கு மாற்றாக வந்தது குளோரோகுயின் பாஸ்பேட். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைப் பாழாக்கிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்த மருத்துவர் குழுவின் அறிக்கை 1816-ல் இலண்டனில் அச்சேறியபொழுது, காய்ச்சலை விளைக்கும் ஒட்டுண்ணி என்ற ஒன்று இருப்பதே உலகுக்குத் தெரியாது. லாவெரான் மலேரியாக் கிருமியைக் கண்டது 1880-ல், ராஸ் அதைச் சிகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் கண்டது 1897-ல், ஜெர்மனியில் குளோரோகுயின் தயாரானது 1934-ல். மனிதரின் அம்மருந்து இன்று லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் வெல்வெட்டையும் வெண்புள்ளியையும் அடக்கப் பயன்படுகிறது. ஆயினும் அதன் அளவை வீட்டில் சோதிக்கச் சாதனமில்லை. ஒளியாலும் வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்களாலும் அது சிதைவதுண்டு. சில வகை மீன்களுக்கு ஒவ்வாததும் உண்டு. மருத்துவர் சீட்டின்றி வாங்கத் தகாத மருந்தாதலால், கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு மாத்திரமே கைக்கொள்ளத்தக்கது.

புரூக்லினெல்லாவுக்குச் செம்பைவிட ஏற்றது பார்மலின். தட்டைப்புழுக்களுக்குப் பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில். முட்டைகளை இம்மருந்து கொல்லாதாகையால், அவை பொரிந்து புழுவாகி மறுபடி முட்டையிடுமுன், ஏறத்தாழ ஒரு வாரத்தில், இரண்டாம் முறை இடுவது கட்டாயம். வெப்பமும் காரத்தன்மையும் சமமாக்கி, காற்றூட்டிய நன்னீரில் மீனை 5 நிமிஷம் முக்கி எடுத்தால் தட்டைப்புழுக்கள் வெண்ணிறமாகி உதிரும். இது சிகிச்சை என்பதைவிட நோயை அறியும் சோதனையாகவே மிகப் பயன்படும். வெண்புள்ளிக்கு நன்னீர்க் குளியல் பலிக்காது, கிருமியை மீனின் தோலே காப்பதால்.

மருந்தே இன்றி வெண்புள்ளியை வெல்லும் உபாயங்களும் உண்டு. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீரை 16 பங்குக்கும் கீழே இறக்கி, மூன்று வாரத்துக்குக் குறையாமல் நிறுத்துவது ஒன்று. உறைகள் வெடித்துப் போகும், மீனோ பொறுக்கும். குறைந்த உப்பையும் தாங்கும் கிருமி வகைகள் தைவானில் பதிவாகியிருப்பதால் இதனை முழுமையாக நம்புவதற்கில்லை. மற்றொன்று தொட்டி மாற்றும் முறை: உதிர்ந்த கிருமி மறுபடி வெளிவரக் குறைந்தது 3 நாள் ஆகும் என்னும் உண்மையைப் பிடித்துக்கொண்டு, 72 மணிநேரத்துக்கு ஒருமுறை மீனைக் கழுவி உலர்த்திய வேறு தொட்டிக்கு மாற்றி, பழைய நீரைக் கொட்டிவிடுவது. 1, 4, 7, 10, 13-ஆம் நாட்களில் மாற்றினால், மீனின்மேல் இருந்த கிருமிகள் யாவும் எங்கோ ஒரு தொட்டியில் விடப்பட்டிருக்கும். ஒட்டுண்ணியின் நாட்கணக்கையே அதற்கு எதிரான ஆயுதமாகக் கொண்ட இம்முறையின் அழகு மறுக்கமுடியாதது. ஆயின் வெல்வெட்டும் தட்டைப்புழுவும் இதற்கு அடங்கா.

பூண்டுச்சாறு, சுத்திகரிக்கும் இறால், புற ஊதா விளக்கு ஆகிய மூன்றையும் சொல்லாமல் விடலாகாது. பூண்டு மீனின் பசியைத் தூண்டலாம், கிருமியைத் தீர்ப்பதாக நிரூபணமில்லை; இறால் தோலுக்கு அடியில் இருப்பதைக் கொத்தி எடுக்காது; புற ஊதா விளக்கு தன் வழியே செல்லும் குஞ்சுகளைக் கொன்று சுமையைக் குறைக்கும், வேரறுக்காது.

மூன்று கட்சிகள்

இப்பொருளைப் பற்றி நிலவும் அபிப்பிராயங்களை மூன்று கட்சிகளாக வகுக்கலாம். நோய் தோன்றினாலன்றி மருந்திடாமல் 4 முதல் 6 வாரம் கவனித்திருப்போர் ஒரு கட்சி. வந்த மீன் யாவும் நோயுற்றதே என்று கொண்டு, தொடக்கத்திலேயே செம்பும் பிராசிகுவாண்டலும் வரிசையாகக் கொடுப்போர் மற்றொரு கட்சி. கிருமி எத்தொட்டியிலும் இருக்கவே செய்யும், மீனின் எதிர்ப்புச் சக்தியே அரண் என்று சொல்லித் தனிமையைத் துறப்போர் மூன்றாம் கட்சி.

மூன்றாம் கட்சியாரை எள்ளி ஒதுக்க முடியாது. அவர்கள் வாதத்துக்கு ஆய்வின் துணை உண்டு. மடவை மீன்களை வைத்து பர்ஜெஸ்ஸும் மாத்யூஸும் செய்த சோதனையில், ஒருமுறை நோய் கண்டு மீண்டவை ஆறு மாதம்வரை எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தன. ஆயின் அவ்வெதிர்ப்புக்கு விலை முதல் நோயைத் தாங்கிப் பிழைத்தல். டாங்கு முதலிய மெல்லிய இனங்கள் அவ்விலையைக் கொடுப்பதில்லை. வெல்வெட்டுக்கோ இவ்வாதம் சிறிதும் பொருந்தாது. அதே ஆராய்ச்சியாளர் கண்ட வேறொரு செய்தியை இக்கட்சியார் எடுத்துரைப்பதில்லை: மீனிலிருந்து மீனுக்கு மாற்றி வளர்க்கப்பட்ட ஒரே கிருமி வம்சம் சுமார் 34 தலைமுறைக்குப்பின் வலியிழந்து அற்றுப்போயிற்று. அடைபட்ட தொட்டியில் நோய் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறதென்றால், இடையிடையே வாங்கிச் சேர்த்த புதிய மீன்களே அதற்குப் புதிய வம்சத்தைக் கொணர்ந்திருக்கக் கூடும் என்பது இதனால் பெறப்படும். ஆகவே மூன்றாம் கட்சியின் சான்றே தனிமையின் அவசியத்துக்கும் சான்றாகிறது.

இரண்டாம் கட்சி நிச்சயத்தைத் தருவது. ஆனால் பிரயாணத்தால் இளைத்து இரை தின்னாத மீனுக்கு முதல் நாளே செம்பிடுவது நோயினும் கொடியதாகலாம். முதற் கட்சி மீனுக்கு இதமானது. ஆனால் வெல்வெட் விஷயத்தில், குறி கண்டு மருந்து தேடுமுன் காரியம் முடிந்துவிடும். கண்ணெதிரே வாங்கிய, இரை தின்பதைப் பார்த்தறிந்த, குஞ்சுப்பண்ணையில் பிறந்த மீனுக்கு முதற் கட்சியின் வழியும், கடலில் பிடிபட்டு, பல கைகள் மாறி, பல கடைகளின் ஒரே நீரோட்டத்தில் நின்ற மீனுக்கு, இரை தின்னத் தொடங்கியபின் இரண்டாம் கட்சியின் வழியும் பொருந்தும் என்பதே நமது தீர்மானம்.

திண்டுக்கல்லின் நிலைமை

இனி இவ்வூரின் விசேஷ நிலைமைகளைக் கவனிப்போம். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நகரைச் சுற்றியுள்ள கிணற்றுநீர் பல இடங்களில் உப்பேறிக் கெட்டிருப்பது நெடுநாளைய வழக்கு. அந்த உப்பு கடலின் உப்பன்று, அதனோடு வேறு தீங்குகளும் சேர்ந்திருக்கலாம். குழாய்நீரில் குளோரின் இருக்கும். எனவே ஆர்.ஓ. நீரில் தொட்டிக்கென்றே விற்கப்படும் கடலுப்பைக் கரைப்பதே வழி; 100 லிட்டருக்கு 3.5 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். சமையலுப்பில் கடல்நீருக்குரிய கால்சியமும் மக்னீசியமும் போதிய அளவில் இல்லாமையால் அது உதவாது.

சித்திரை, வைகாசி வெயில் அடுத்த கவலை. 25 பாகையில் லிட்டருக்கு 6.75 மில்லிகிராம் அளவு பிராணவாயுவை ஏற்கும் கடல்நீர், 30 பாகையில் 6.2 மில்லிகிராமே ஏற்கும். பார்மலின் நீரிலுள்ள பிராணவாயுவை மேலும் குறைக்கும் இயல்புடையது. செவுள் கெட்ட மீனுக்கு அக்குறைவு மரணமாகும். ஆதலால் கோடையில் பார்மலினைத் தவிர்ப்பதும், தவிர்க்க இயலாதெனில் நீண்ட நேரம் நீரிலேயே விடாமல் குறுகிய குளியலாக, பலத்த காற்றூட்டத்தோடு, அருகிலிருந்தே கொடுப்பதும் நலம். மின்சாரம் நின்றால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று, எந்த மருந்தினும் முந்தி வாங்கப்பட வேண்டியது.

நெடும்பிரயாணத்தின் சூட்சுமம் ஒன்றும் உண்டு. பையிலுள்ள நீரில் மீன் விட்ட கரியமில வாயு நீரைப் புளிப்பாக்கி, சேர்ந்திருக்கும் அம்மோனியாவின் விஷத்தை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்தவுடன் அவ்வாயு வெளியேற, காரத்தன்மை ஏறி, அடங்கியிருந்த விஷம் எழும். திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக நீர்விட்டுப் பழக்கும் வழக்கம், இரவெல்லாம் பயணித்த மீனுக்கு இதனால் தீங்காகிறது. தனித்தொட்டியின் உப்பளவைப் பையின் உப்பளவுக்கு முன்கூட்டியே சமமாக்கி வைத்து, வெப்பம் ஒத்தவுடன் மீனை மாத்திரம் எடுத்துவிட்டு, பைநீரைச் சாக்கடையில் கொட்டுவதே உத்தமம். பைநீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகலாகாது என்பதற்கு ஒட்டுண்ணியும் தனியே ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் கடலில்லாமையின் அனுகூலம் விளங்குகிறது. மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ கடல்நீரை இறைத்து மீன் வளர்ப்போருக்கு, ஒவ்வொரு குடம் நீரோடும் ஒட்டுண்ணி வரக்கூடும். அவர்களுடைய தனிமைப்படுத்தல் ஒருநாளும் முற்றுப்பெறாது, வடிகட்டலும் மருந்தும் ஓயாது தொடரும். திண்டுக்கல்லிலோ நீர் ஆர்.ஓ. நீர், உப்பு மூட்டையில் வந்த உப்பு; இரண்டிலும் கிருமியில்லை. கல்லும் மணலும் உலர்ந்து வருவன. பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிலிருப்பதால், மன்னார் வளைகுடாவிலிருந்து உயிருள்ள பவளக் கல் இங்கே வந்து சேரவும் சட்டத்தில் இடமில்லை. எஞ்சுவது மீனும் அதன் பையும், கடைகளில் கைமாறும் வலையும், ஈரமான கையுமே. நோய் நுழைய வழி ஒன்றே ஒன்று இருக்கும் இடத்தில் அவ்வழியை முழுதும் அடைக்கலாம். கடற்கரைப் பண்ணைக்கு எட்டாத நிச்சயம் உள்நாட்டு வீட்டுக்கு எட்டும்.

அந்நிச்சயத்துக்கு ஆகும் செலவு, 60 லிட்டர் கொள்ளும் வெறும் கண்ணாடித் தொட்டி, முதன்மைத் தொட்டியின் நீரில் முன்னரே ஊறவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், தனி வலை, தனி வாளி, அம்மோனியாச் சோதனைப் பெட்டி இவ்வளவே. ஆண்டில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும் தொட்டிக்குப் பணம் செலவிட மனம் வராமையே பெரும்பாலோரைத் தடுக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான லிட்டர் நீருக்கு உப்புக் கரைத்து, வடிகட்டியும் விளக்கும் வாங்கி, முதல் வாரத்திலேயே மீனைப் போட்டு, மூன்றாம் வாரத்தில் அனைத்தையும் இழந்து, 76 நாள் வெறுந்தொட்டியைப் பார்த்திருப்பதன் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம். மண்டபத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழுயிர் ஆய்வு மையத்திலும் குஞ்சு பொரிக்கும் நுட்பம் கைவந்துள்ள கோமாளி மீன் இனங்களிலிருந்து தொடங்குவோருக்கு அபாயம் இன்னும் குறையும். கடல்மீன் வளர்க்க விரும்பும் உள்நாட்டவர் முதலில் வாங்க வேண்டியது கூடத்தை அலங்கரிக்கும் பெரிய தொட்டியன்று. மறைவில் வைக்கும் இச்சிறிய தொட்டியே. அதற்கு இடமும் ஆறு வாரப் பொறுமையும் இல்லாதவர், பெரிய தொட்டிக்குரிய பணத்தை மிச்சப்படுத்திக்கொள்வதே அவருக்கும் மீனுக்கும் நன்மை.